மூடிய செயின் கவருக்குள்: செயின், ஷாஃப்ட், பேரிங் பார்த்துப் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் ஓடும் 100, 125 சிசி வண்டிகளில் நிறையவற்றுக்குச் செயின் முழுசாக மூடியிருக்கும். புடவை சிக்காது, பேன்ட்டில் கறை படாது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூடியிருப்பதாலேயே யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. ஆயில் மாற்றப் போகும்போது மெக்கானிக் கவரின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கி, விரலை விட்டு ஒரு தட்டுத் தட்டி, "லூஸா இருக்கு சார், டைட் வெச்சிட்றேன்" என்று அட்ஜஸ்டரை முறுக்கிவிடுவார். சத்தம் நின்றுவிடும், நாமும் திருப்தியாகக் கிளம்பிவிடுவோம்.

பேரிங்கின் ஆயுளைக் குடிப்பது பெரும்பாலும் அந்த முறுக்குதான். கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட் (சுழலும் தண்டு), அதில் முன் ஸ்பிராக்கெட் (பல்சக்கரம்), செயின், பின் ஸ்பிராக்கெட், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப், ஹப்புக்குள் பந்துகள் உருளும் பேரிங், நடுவே சக்கரத்தைத் தாங்கும் ஆக்ஸில், எல்லாம் ஒரே கோட்டில் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வேலை செய்பவை. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது பின் சக்கரம் மேலும் கீழும் போகிறது, அப்போது முன் ஷாஃப்ட்டுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையிலான தூரம் மாறுகிறது. அந்த மாற்றத்துக்குத்தான் செயினில் தொய்வு விடுகிறோம். தொய்வு இல்லையென்றால் ஒவ்வொரு குழியும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங்கை ஒரு இழு இழுக்கும். லூஸான செயின் சத்தம் போட்டாவது சொல்லும், டைட்டான செயின் வாயே திறக்காது. செயின் செட் கெட்டால் ஆயிரத்துச் சொச்சத்தில் முடியும். ஷாஃப்ட் பேரிங் போனால் பல வண்டிகளில் இன்ஜினையே பிரிக்க வேண்டும். அதனால் இரண்டில் ஒன்றென்றால் நான் லேசாக லூஸ் பக்கம்தான் நிற்பேன்.

எப்போது பார்ப்பது

திறந்த செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து ஆயில் விடுவது பொதுவான கணக்கு, மழையில் நனைந்தால் அன்றைக்கே. மூடிய செயினுக்கு மாதம் ஒருமுறை ரப்பர் மூடி வழியாகத் தொய்வு பார்த்து ஆயில் விட்டால் போதும், ஆனால் வருஷத்துக்கு இருமுறையாவது கவரை முழுசாகக் கழற்றுங்கள். இந்த ஊருக்கு ஏப்ரலும் நவம்பரும் சரியாக வரும், ஏனென்றால் மே மாதக் கோடை மழையில் ஆரம்பித்து அக்டோபர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். கவர் மழையைத் தடுக்கும்தான், ஆனால் முழுசாகத் தடுக்காது. உள்ளே போன தண்ணீரும் மண்ணும் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே கிடந்து அரைக்கும்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஓசூர் ரோடு பிடித்து சேலம், தர்மபுரி பக்கம் வண்டியிலேயே போகிறவர்கள், கிளம்பும் நாளுக்கு முதல் நாள் இதைச் செய்யாதீர்கள். ஒரு வாரம் முன்னால் பிரித்தால்தான் ஏதாவது மாற்ற வேண்டி வந்தாலும் பொருள் வாங்க நேரம் இருக்கும்.

என்னென்ன வேண்டும்

ஸ்பேனர் செட், ஆக்ஸில் நட்டுக்குப் பொருந்தும் பெரிய ரிங் ஸ்பேனர், பிளாஸ்டிக் பிரஷ், பனியன் வேஸ்ட் (துடைக்கும் துணித் துண்டுகள்), நுட்பமாக அளக்கும் வெர்னியர் இல்லாவிட்டால் நல்ல ஸ்டீல் ஸ்கேல், 90 நம்பர் கியர் ஆயில் அல்லது செயின் ஸ்பிரே, ஏபி 3 கிரீஸ் ஒரு சின்ன டப்பா. துடைக்க மண்ணெண்ணெய் நல்லது, ஆனால் நகரத்துக்குள் அது லேசில் கிடைப்பதில்லை. சாதா செயினுக்கு டீசல் போதும். இணைப்புகளில் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங் வைத்த செயின் என்றால் அதற்கென்று விற்கும் செயின் கிளீனர் வாங்கிக்கொள்ளுங்கள், பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ரப்பர் வளையத்தைக் கெடுத்துவிடும். தீப்பிடிக்கிற ஆபத்து வேறு.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் செய்பவர்கள் அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துக்கொள்ளுங்கள், அசோசியேஷன்காரர்களிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்காது. கழுவிய டீசலை மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள். இந்த ஊர்க் கால்வாய்கள் போய்ச் சேருவது ஏரியில்தான், பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்ததை எல்லோரும் பார்த்தோம். பழைய கேனில் பிடித்து மெக்கானிக் கடையின் கழிவு ஆயில் டிரம்மில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றும் செயினில் துணி வைத்துத் துடைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. துணி ஸ்பிராக்கெட்டில் மாட்டினால் விரலும் கூடவே போய்விடும். சாவி சட்டைப்பையில், வண்டி சென்டர் ஸ்டாண்டில், கியர் நியூட்ரலில், சக்கரம் கையால் மட்டும் சுற்ற வேண்டும்.

முதலில் பார்வை, அப்புறம்தான் துடைப்பு

கவரின் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டும் சின்ன போல்ட்டுகளில் நிற்கும், பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர். கழற்றியவுடன் பிரஷ்ஷைக் கையில் எடுக்காதீர்கள். அழுக்கில்தான் சாட்சி இருக்கிறது, கழுவிவிட்டால் அது போய்விடும்.

செயின் பிளேட்டுகளுக்கு நடுவே செம்பழுப்பான பொடி தெரிகிறதா? ஆயில் இல்லாமல் இணைப்பின் பின்னும் (குறுக்கு ஊசி) அதைச் சுற்றிய புஷ்ஷும் (குழல்) உரசித் துருப்பிடித்தால் இப்படித்தான் கசியும். ஆனால் இங்கே ஒரு சிக்கல், இந்த ஊர் மண்ணும் அதே நிறம். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் தினமும் போகிறவர்களுக்குச் செயின் முழுக்கச் செம்மண்ணாகத்தான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் நன்றாகத் துடைத்து, ஆயில் விடாமல், காய்ந்த தார் ரோட்டில் பக்கத்துத் தெரு வரை ஓட்டிவிட்டுப் பாருங்கள். பின்னின் ஓரங்களில் மட்டும் மறுபடி செம்பொடி வந்தால் அது துரு. பிளேட் மேலெல்லாம் பரவியிருந்தால் மண்.

முன் ஸ்பிராக்கெட் கவரையும் கழற்றிப் பாருங்கள். அங்கே பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து கட்டியாக அடைந்திருக்கும், அது சகஜம். கட்டிக்கு அடியில் ஈரமாக, ஒட்டாமல் வழுக்கும் ஆயில் இருந்தால் மட்டும் கவனம் தேவை. செயின் ஆயில் பிசுபிசுப்பாக இருக்கும், இன்ஜின் ஆயில் நீர்த்து வழியும். இன்ஜின் ஆயில் என்றால் ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையமான ஆயில் சீல் கசிகிறது. சீலை மாற்றும் முன்னால் முன் ஸ்பிராக்கெட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஸ்பிராக்கெட் ஷாஃப்ட்டின் பற்களில் கொஞ்சம் ஆடலாம், ஷாஃப்ட்டே மேலும் கீழும் அசைந்தால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் புதுச் சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் மறுபடி கசியும். டைட் செயின் போடும் கணக்கு வந்து நிற்கும் இடம் இதுதான்.

கழற்றும் முன்பே பேரிங்கை விசாரியுங்கள்

பின் சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து, ஒரு பக்கமாகத் தள்ளி இழுத்துப் பாருங்கள். அப்புறம் முன்னும் பின்னும் பிடித்து அதே மாதிரி. "டக்" என்று ஒரு ஆட்டம் கையில் தெரிந்தால் சக்கர பேரிங்காக இருக்கலாம், ஸ்விங் ஆர்ம், அதாவது பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை, பிரேமோடு சேரும் இடத்துப் புஷ்ஷாகவும் இருக்கலாம். பிரிப்பது சுலபம்: இன்னொருவரை ஸ்விங் ஆர்மையும் பிரேமையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங், ஸ்விங் ஆர்மும் கூடவே ஆடினால் புஷ். நிறையப் பேர் புஷ் தேய்ந்ததற்குப் பேரிங் மாற்றிவிட்டு, வண்டி இன்னும் வளைவில் வாலாட்டுகிறதே என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஸ்விங் ஆர்மில் ஆக்ஸில் பக்கத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். சீரான "உஸ்" சரி. கரகரவென்று வந்தால் பந்துகள் ஓடும் பாதை குழிவிழுந்திருக்கிறது.

தொய்வும் இறுக்கப் புள்ளியும்

இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே, கீழ்ச் செயினின் மையத்தில் விரலால் மேலே தள்ளி, கீழே இழுத்து, மொத்த அசைவை ஸ்கேலில் பாருங்கள். பல வண்டிகளில் இது 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும், சில வண்டிகளில் ஸ்விங் ஆர்மில் ஸ்டிக்கரே ஒட்டியிருப்பார்கள். சென்டர் ஸ்டாண்டில் அளப்பதா, ஆள் உட்கார்ந்து அளப்பதா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள், அளவு மாறும்.

ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். செயின் ஒரே சீராகத் தேயாது, ஓரிடம் இறுகும், ஓரிடம் தொங்கும். சரிசெய்யும்போது எப்போதும் இறுக்கமான இடத்தை வைத்துத்தான் தொய்வு விட வேண்டும். தொங்கும் இடத்தைப் பார்த்து முறுக்கினால் சக்கரம் சுற்றும்போது இறுக்கமான இடம் வந்து ஷாஃப்ட்டை இழுக்கும். இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் போய்விட்டால் அந்தச் செயினோடு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடலாம்.

துடைத்து, அளந்து

இப்போது பிரஷ். டீசலில் நனைத்து நாலு பக்கமும் தேய்த்து, பனியன் வேஸ்டால் துடைத்து, அரை மணி நேரம் காயவிடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், வாட்டர் வாஷ் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஊரெல்லாம் வாட்டர் வாஷ் கடையில் வரிசை நிற்கும், அந்தப் பிரஷரில் தண்ணீர் பேரிங் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். சந்தனமும் குங்குமமும் வைக்க வாளித் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்த வண்டியே போதும்.

செயின் "நீண்டுவிட்டது" என்கிறோமே, இரும்பு ரப்பர் மாதிரி இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் பின்னும் புஷ்ஷும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே, 118 இணைப்புள்ள செயினில் மொத்தம் 11.8 மி.மீ. கூடிவிடும். அளப்பதற்கு, செயினை இறுக்கமாக இழுத்து வைத்து, ஒரு பின்னின் மையத்திலிருந்து எண்ணி இருபத்தொன்றாவது பின்னின் மையம் வரை ஸ்கேல் வையுங்கள். 428 செயின் புதிதில் 254 மி.மீ., 520 செயின் 317.5 மி.மீ. 428, 520 என்ற எண்களில் முதல் இலக்கம் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரத்தை எட்டில் ஒரு அங்குலக் கணக்கில் சொல்வது: 4 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ., 5 என்றால் 15.875 மி.மீ. எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு, சிலர் ஒரு சதவீதத்துக்குள் நிறுத்துகிறார்கள், சிலர் இரண்டுக்குப் பக்கம் வரை விடுகிறார்கள். 428க்கு ஒரு சதவீதம் என்றால் 256.5 மி.மீ. நகரத்துக்குள் ஓடும் வண்டிக்கு 257ஐத் தாண்டியதும் செயின் செட் விலை விசாரிக்க ஆரம்பிக்கலாம்.

பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறம் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்தும் பாருங்கள். பல்லில் பாதி தெரியும் அளவுக்கு விலகி வந்தால் அளக்கவே வேண்டாம்.

ஸ்பிராக்கெட் பல்லின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அரிவாள் நுனி போல ஒரு பக்கமாக வளைந்திருந்தால் ஆயுள் முடிந்தது. முன் ஸ்பிராக்கெட்டை முதலில் பாருங்கள், 14 பல்லுக்கு 42 பல் என்றால் முன்னது மூன்று சுற்று சுற்றினால்தான் பின்னது ஒரு சுற்று, தேய்மானமும் அந்தக் கணக்கில்தான். செயின், முன், பின் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரமே தேயும்.

சக்கரத்தைக் கழற்றினால்

ஆக்ஸில் நட்டைக் கழற்றும் முன் போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர், காலர், அட்ஜஸ்டர் எது எந்தப் பக்கம், எந்த வரிசை என்பது மாறினால் சக்கரம் மையத்தில் நிற்காது. டிரம் பிரேக் என்றால் பிரேக் ராடையும், பிரேக் பிளேட் சுற்றாமல் பிடிக்கும் ஆங்கர் ராடையும் முதலில் எடுக்க வேண்டும். டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

ஆக்ஸிலைத் துடைத்து ஒரு கண்ணாடி மேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து போனால் வளைந்திருக்கிறது, குழியில் பலமாக விழுந்த வண்டிகளில் இதைப் பார்க்கலாம். லேத் கடையில் டயல் கேஜ் வைத்துத் துல்லியமாகப் பார்ப்பார்கள், பல கையேடுகளில் எல்லை 0.2 மி.மீ. வளைந்த ஆக்ஸிலைத் தட்டி நிமிர்த்தும் யோசனைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், மாற்றுங்கள். பேரிங் உட்காரும் இடத்தில் நகத்தில் தட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால், பேரிங்கின் உள்வளையம் ஆக்ஸில் மேல் சுழன்றிருக்கிறது. நட்டு லூஸாக இருந்திருக்கலாம், அல்லது உள்ளே இரண்டு பேரிங்குக்கும் நடுவே இருக்கும் குழலான டிஸ்டன்ஸ் பீஸ் தேய்ந்திருக்கலாம்.

ஹப்புக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே இருக்கும் கப்ளிங் ரப்பர்களையும் கையோடு பாருங்கள். ஸ்பிராக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பினால் தாராளமாக ஆடுகிறதென்றால் ரப்பர் நசுங்கிவிட்டது. கியர் போடும்போது பின்னால் வரும் "டொக்"குக்கு முக்கால்வாசி இதுதான் காரணம், செயின் மேல் பழி போடுவார்கள்.

பேரிங் மாற்றுவது

விரலை உள்வளையத்தில் விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். வழவழவென்று போனால் விட்டுவிடலாம், மணல் கடித்தது போல் நெருடினாலோ, இடையில் தட்டித் தட்டி நின்றாலோ மாற்ற வேண்டும். ஸ்பிராக்கெட் பக்கம் தனியாக ஒரு பேரிங் இருக்கும் வண்டிகள் உண்டு, செயின் இழுப்பு முழுக்க அதன் தலையில் விழுவதால் அதுதான் முதலில் போகும், அதையே எல்லோரும் மறப்பார்கள்.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள். 6202 என்றால் உள்துளை 15 மி.மீ., வெளி விட்டம் 35, அகலம் 11. 6203 என்றால் 17, 40, 12. 6301 என்றால் 12, 37, 12. கடைசி இரண்டு இலக்கம் 04 முதல் மேலே போனால் ஐந்தால் பெருக்கினால் உள்துளை. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல், இசட்இசட் என்றால் தகர மூடி. நம் மழைக்கும் சேற்றுக்கும் ரப்பர் சீல்தான். சி3 என்பது உள்ளே இடைவெளி கொஞ்சம் அதிகம் என்று பொருள், பழைய பேரிங்கில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஜே.சி. ரோட்டில் பழைய பேரிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் வேலை சுலபம், தமிழிலேயே பேசி வாங்க முடிகிற கடைகள் அங்கே உண்டு. எஸ்கேஎஃப், என்பிசி, எஃப்ஏஜி எது வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள், போலிப் பேரிங் சந்தையில் நிறையப் புழங்குகிறது. பெட்டி அச்சு மங்கலாக, வளையத்தில் எழுத்து கோணலாக, விலை பாதியாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழையதை வெளியே எடுக்க, நடுவில் இருக்கும் டிஸ்டன்ஸ் பீஸைக் கம்பியால் ஓரமாகத் தள்ளி, எதிர்ப் பக்கத்து பேரிங்கின் உள்விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். ஒரே இடத்தில் அடித்தால் கோணலாகி ஹப்பைக் கீறும். புதியதைப் போட ஹப்பைச் சூடாக்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும், 35 மி.மீ. துளை 80 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 0.06 மி.மீ. பெரிதாகும். ஹீட் கன் வைத்து ஹப்பைச் சூடாக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருந்த பேரிங்கை எடுத்து வைத்தால் லேசான தட்டிலேயே உட்கார்ந்துவிடும். தட்டுவது வெளிவளையத்தில் மட்டும், அந்த விட்டத்துக்குச் சரியான சாக்கெட் வைத்து. உள்வளையத்தில் அடித்தால் பந்துகள் பாதையில் பள்ளம் போட்டுவிடும், புதுப் பேரிங் அன்றைக்கே பழசு.

ஒரு பக்கம் முழுசாக உட்கார்ந்ததும் டிஸ்டன்ஸ் பீஸை உள்ளே வையுங்கள், அப்புறம்தான் மறுபக்கம். மறுபக்கத்தை டிஸ்டன்ஸ் பீஸைத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள், அதற்கு மேல் அடித்தால் இரண்டு பேரிங்கும் பக்கவாட்டில் நெருக்கப்பட்டுச் சூடேறும். டிஸ்டன்ஸ் பீஸ் போடாமலே சக்கரம் மாட்டித் தந்த கதைகளும் உண்டு, ஆக்ஸில் நட்டை முறுக்கினாலே பேரிங் கெட்டுப்போகும்.

திரும்ப மாட்டுவது

ஆக்ஸிலில் மெல்லிய படலமாக கிரீஸ் தடவி ஏற்றுங்கள். இரு முனைகளையும் பூட்டும் கிளிப் லாக் உள்ள செயின் என்றால் லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், மேல் செயினில் அது வண்டியின் முன்பக்கம். ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளை முழுசாக நம்பாதீர்கள். ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் மையத்திலிருந்து ஆக்ஸில் மையம் வரை இரண்டு பக்கமும் நூல் வைத்து அளந்து பாருங்கள். பின்னால் குனிந்து ஸ்பிராக்கெட்டை ஒரு கண்ணால் பார்த்தாலும் செயின் நேராகப் போகிறதா, கோணுகிறதா என்று தெரியும். ஸ்பிராக்கெட் பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் இதுவரை கோணலாகத்தான் ஓடியிருக்கிறது.

தொய்வை வைத்துவிட்டு ஆக்ஸில் நட்டை முறுக்கியதும் மறுபடி அளங்கள், முறுக்கும்போது செயின் கொஞ்சம் இறுகும். கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு விசை அளவு) முறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருந்தால் புதுசு போடுங்கள், ஆங்கர் ராடையும் மறக்காதீர்கள். சக்கரம் பின்னால் நகர்ந்திருந்தால் டிரம் பிரேக் இறுகியிருக்கும், பெடல் ஆட்டத்தையும் பிரேக் லைட்டையும் சரிபார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும்.

ஆயில் விடுவது கீழ்ச் செயினின் உள்பக்கத்தில், உள் பிளேட்டும் வெளி பிளேட்டும் சேரும் இடுக்குகளில். சக்கரம் சுற்றும்போது அது வெளிப்பக்கமாகத் தானே பரவும். பதினைந்து நிமிஷம் ஊறவிட்டு மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள், வெளியே மினுமினுவென்று நிற்கும் ஆயில் மண்ணைப் பிடிக்கத்தான் உதவும்.

அப்புறம் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, ஹப்பின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டியும் தொட முடியாத சூடு என்றால் பிரேக் ஷூ உரசுகிறது, அல்லது பேரிங் நெருக்கப்பட்டிருக்கிறது, திரும்பக் கழற்றத்தான் வேண்டும். புதுச் செயின் செட் போட்டவர்கள் 200, 300 கிலோமீட்டரில் ஒருமுறை ரப்பர் மூடியைத் திறந்து தொய்வு பாருங்கள், முதல் ஓட்டத்தில் கொஞ்சம் கொடுக்கும், அதற்குப் பிறகு நீண்ட நாள் அப்படியே நிற்கும்.